மருந்துப் பெட்டி: புண்ணில் தூவும் பவுடரும் பாட்டிலில் கலக்கும் பவுடரும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பலவும் ஆன்டிபயாட்டிக் பவுடரைப் பற்றியே கேட்டிருக்கின்றன. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்ச் சிங்கப்பூர் திரும்பியவர்கள் பைகளில் அது வந்திருக்க வேண்டும். மருந்தாளராக எனக்கு இது மனத்துக்கு நெருக்கமான விஷயம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இம்முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மகன் புளோக்குக்குக் கீழே ஸ்கூட்டர் ஓட்டி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அம்மா திருச்சியிலிருந்து வாங்கிவந்த ஆன்டிபயாட்டிக் பவுடரைக் காலையும் மாலையும் தூவினேன். மூன்று நாளாகிவிட்டது. மேலே பவுடர் கட்டிக்கட்டியாக ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் இன்னும் ஈரம். கூடுதலாகத் தூவலாமா?
– ஈசூன் வாசகி

தூவ வேண்டாம் அம்மா. ஏற்கெனவே போட்டதை எடுப்பதுதான் இப்போது செய்ய வேண்டிய வேலை.

சுத்தமான துணியையோ காஸையோ தண்ணீரில் நனைத்து, முழங்கால் மேல் பத்து நிமிடம் போட்டுவையுங்கள். கட்டி ஊறி இளகிவிடும். அப்புறம் குழாயை மெல்லத் திறந்து, ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். உலர்ந்த கட்டியை நகத்தால் பெயர்க்காதீர்கள், கீழே புதிதாக வந்த தோலும் சேர்ந்து வந்துவிடும்.

தூள் தூவிய காயங்களைச் சிகிச்சை அறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே சாம்பல் கலந்த மஞ்சள் நிறத்தில் ஓடு மாதிரி ஒரு படலம். பார்க்க நன்றாகக் காய்ந்துவிட்டது போலவே இருக்கும். ஓரத்தை நனைத்துத் தூக்கினால் அடியில் கசிவு தேங்கி நிற்கும், சில சமயம் சீழே இருக்கும். காயத்திலிருந்து வரும் நீரோடு பவுடர் கலந்து இறுகிப்போவதால் கசிவுக்கு வெளியேற வழியில்லை. மேலே போடும் அடுத்த வேளைத் தூளும் அடியில் இருக்கும் கிருமிக்குப் போய்ச் சேருவதில்லை.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருக்கும்: நியோமைசின், பாசிட்ராசின், பாலிமிக்சின் பி. சில பவுடர்களில் பாலிமிக்சினுக்குப் பதிலாக சல்ஃபா வகை மருந்து ஒன்று இருக்கும். மூன்றும் மோசமான மருந்துகள் இல்லை. பாசிட்ராசின் சில கிருமிகளைத் தம்மைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்ள விடாது. நியோமைசின் கிருமிக்குள்ளே புரதம் தயாராவதைக் கெடுக்கும். பாலிமிக்சின், மற்ற இரண்டுக்கும் எளிதில் மசியாத ஒரு கூட்டத்தின் வெளிச்சவ்வைக் கிழிக்கும். ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கட்டும் என்றுதான் மூன்றையும் சேர்த்தார்கள்.

பாசிட்ராசின் கிடைத்த கதை உங்கள் மகனுக்குப் பிடிக்கும். 1943-ல் நியூயார்க்கில் ஒரு சிறுமிக்குக் காலில் எலும்பு முறிந்து, தோல் கிழிந்து காயம். அந்தக் காயத்திலிருந்து எடுத்த மாதிரியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தபோது, அதிலிருந்த ஒரு பாக்டீரியா பக்கத்திலிருந்த மற்றக் கிருமிகளை ஒடுக்குவதைக் கவனித்தார்கள். அது சுரந்த பொருள்தான் இந்த மருந்து. நியோமைசின் 1949-ல் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. நுண்ணுயிரியல் அறிஞர் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடம், காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்த அதே இடம்.

சரி, நல்ல மருந்து என்றால் ஏன் வேண்டாம் என்கிறேன்? சுத்தமான சிராய்ப்புக்கு ஆன்டிபயாட்டிக்கே தேவைப்படுவதில்லை. மண்ணையும் தூசியையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டால், மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, நியோமைசின் தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதில் பேர்போனது. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் ஆண்டுதோறும் கவனிக்க வேண்டிய ஒரு பொருளை அறிவிக்கும். 2003-ல் பாசிட்ராசினையும் 2010-ல் நியோமைசினையும் அறிவித்தது. காயத்தைச் சுற்றிச் சிவந்து, அரித்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் வரும். புண் பெரிதாகிறது என்று நினைத்து வீட்டில் இன்னும் கொஞ்சம் பவுடர் போடுவார்கள், அது இன்னும் பரவும்.

காயத்தைக் காய வைத்தால்தான் ஆறும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிக் குட்டிகளின் தோலில் சோதித்துப் பார்த்தார். திறந்து காயவிட்ட மேலோட்டமான காயங்களைவிட, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடி ஈரப்பதம் காத்த காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. மருத்துவமனைகளில் இன்று காயங்களை மூடி வைக்கும் பழக்கத்துக்கு அந்தச் சோதனைதான் அடிப்படை. எனவே கழுவிய முழங்காலை ஒற்றியெடுத்து, மேலே வாசலின் மெல்லப் பூசி, ஒட்டாத வகைப் பிளாஸ்டர் போடுங்கள். தினம் ஒருமுறை மாற்றினால் போதும். சுற்றிச் சூடாகச் சிவந்து விரிந்தாலோ, வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.

அக்கா, நான் கட்டுமான வேலை செய்கிறேன். கம்பி கிழித்து உள்ளங்கையில் காயம். ரூமில் இருக்கிற அண்ணன் அமாக்சிசிலின் கேப்சூலைப் பிரித்து, உள்ளே இருந்த பவுடரைக் காயத்தில் கொட்டிக் கட்டிவிட்டார். எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள். சூப்பர்வைசரிடம் இன்னும் சொல்லவில்லை. பயப்பட ஏதாவது இருக்கிறதா?
– ஜூரோங் வாசகர்

தம்பி, இதழ் உன் கைக்கு வருவதற்குள் காயம் ஆறியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆறாமல் இருந்தால் இன்றே மருத்துவரிடம் காட்டு. உள்ளங்கையில் தோலுக்குச் சற்றுக் கீழேயே நரம்பும் தசைநாணும் ஓடுகின்றன. விரல் மடக்க முடியவில்லை, மரத்துப்போயிருக்கிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே.

அந்த அண்ணன் நல்ல மனசோடுதான் செய்திருப்பார். ஆனால் கேப்சூலில் இருப்பது விழுங்குவதற்காகச் செய்த மருந்து. குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் கலந்து, அளவோடு போய்ச் சேர வேண்டியது. காயத்தில் கொட்டினால் ஒரு இடத்தில் குவியலாகவும் இன்னொரு இடத்தில் ஒன்றுமில்லாமலும் கிடக்கும். அதில் மருந்தோடு கேப்சூலில் அடைப்பதற்காகச் சேர்த்த வேறு தூள்களும் இருக்கின்றன. காயத்தில் போடும் பொருளைக் கிருமி நீக்கித் தயாரிக்க வேண்டும். கேப்சூல் தூளை அப்படித் தயாரிப்பதில்லை.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் குடும்பத்து மருந்தைத் தோலில் போட்டால் உடம்பு அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளும் வாய்ப்பு அதிகம். ஒரு காலத்தில் பென்சிலின் களிம்புகள் விற்பனையில் இருந்தன. ஏராளமானவர்களுக்கு ஒவ்வாமை வந்ததால் அவற்றைக் கைவிட்டார்கள். பின்னால் உனக்கு நிமோனியா மாதிரிப் பெரிய நோய் வந்து, அந்த மருந்தை ஊசியில் போட வேண்டிய நேரத்தில் போட முடியாமல் போகலாம்.

காயத்தில் தூள் கொட்டும் பழக்கம் நம் ஊரில் மட்டும் இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஒவ்வொருவரிடமும் சல்ஃபா பவுடர் பொட்டலம் இருந்தது. அடிபட்டதும் பிரித்துத் தூவிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது, அதனால் காயத்தில் சீழ் பிடிப்பது குறையவில்லை என்று தெரிந்தது. கழுவுவதும், கிழிந்து செத்த சதையை வெட்டி நீக்குவதும்தான் ஆட்களைக் காப்பாற்றின. ராணுவம் அந்தப் பொட்டலத்தை விட்டுவிட்டது. இன்று முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் சில நிபுணர்கள் தையல் போடும் முன் வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் தூளைக் காயத்துக்குள் தூவுவது உண்மைதான். ஆனால் அது அறுவைக் கூடத்தில், நன்றாகக் கழுவிய காயத்தில், கிருமி நீக்கிய மருந்தை வைத்து அவர்கள் எடுக்கும் முடிவு.

கம்பிக் காயம் என்பதால் டெட்டனஸ் ஊசியைப் பற்றி மறக்காமல் கேள். டெட்டனஸ் கிருமி மண்ணிலும் தூசியிலும் உறங்கிக் கிடக்கும், காற்றுப் புகாத ஆழமான காயத்தில் விழித்துக்கொள்ளும். மேலே தூவிய பவுடர் அங்கே போகாது. கடைசியாக ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், அழுக்கான காயத்துக்கு மறுபடி போடுவார்கள். எப்போது போட்டோம் என்றே தெரியவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்.

சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும் தம்பி. வேலையிடத்தில் பட்ட காயத்துக்கு மருத்துவச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். மருத்துவ விடுப்பு கொடுத்தால் மனிதவள அமைச்சுக்கு அதைத் தெரிவிப்பதும் அவர் பொறுப்பு. நீ சொல்லாமல் விட்டால் பிறகு இது வேலையில் பட்ட காயம் என்று நிரூபிப்பது கஷ்டம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கையைத் துணியில் சுற்றி மறைத்துக்கொண்டு, வாரம் கழித்து வீங்கிய கையோடு வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உனக்கு வரக் கூடாது.

மேடம், குழந்தைக்குக் காதில் தொற்று. கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் பவுடர் பாட்டில் இரண்டு கொடுத்தார்கள். தண்ணீர் கலந்ததும் அடியில் கட்டியாக நின்றுவிட்டது. இரண்டையும் ஒரே நாளில் கலந்து வைத்துவிட்டேன். ஏன் சிரப்பாகவே கொடுக்காமல் பவுடராகக் கொடுக்கிறார்கள்?
– செங்காங் வாசகி

உங்களுக்குக் கொடுத்தது பெரும்பாலும் அமாக்சிசிலினாக இருக்கும், அது தண்ணீரில் நெடுநாள் தாங்காது. அதன் மூலக்கூறில் நான்கு அணுக்கள் சேர்ந்த ஒரு சிறு வளையம் இருக்கிறது, மருந்தின் பலமெல்லாம் அதில்தான். தண்ணீர் பட்டால் அந்த வளையம் மெல்ல மெல்ல உடைய ஆரம்பிக்கும். உலர்ந்த தூளாக இருக்கும்வரை மாதக்கணக்கில் நிற்கும். அதனால்தான் பழ வாசனையோடு பவுடராக அடைத்து, கலக்கும் வேலையை உங்களிடம் விடுகிறார்கள்.

இனிமேல் இப்படிச் செய்யுங்கள். மூடியைத் திறக்கும் முன் பாட்டிலைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுங்கள். அடியில் இறுகிய தூள் உதிர்ந்து ஓடும் சத்தம் கேட்கும். கொதிக்கவைத்து நன்றாக ஆறிய தண்ணீரை, போட வேண்டிய அளவில் பாதி மட்டும் ஊற்றி, மூடி, உடனே வேகமாகக் குலுக்குங்கள். தூள் முழுதும் நனைந்த பிறகு, லேபிளில் உள்ள கோடுவரை மிச்சத்தை ஊற்றி மறுபடி குலுக்கி, நுரை அடங்கியதும் கோட்டைச் சரிபாருங்கள். மொத்தத் தண்ணீரையும் ஒரே மூச்சில் ஊற்றினால்தான் அடியில் கட்டி நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீர் சீக்கிரம் கரைக்கும் என்று நினைக்காதீர்கள், சூடு இந்த மருந்துக்கு ஆகாது.

அளவுக் கோடு ஏன் முக்கியம் என்றால், 5 மில்லியில் 125 மில்லிகிராம் அல்லது 250 மில்லிகிராம் என்று லேபிள் சொல்வது அந்தக் கோடுவரை தண்ணீர் இருந்தால்தான் உண்மை. மருத்துவர் குழந்தையின் எடைக்குக் கணக்குப் போட்டு மில்லி சொல்கிறார். கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும், ஆகவே கிளினிக்கில் தரும் சிரிஞ்சையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்கிவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் நாள் வெறும் தண்ணீரும் கடைசி நாள் மொத்த மருந்துமாகப் போகும்.

இரண்டாவது பாட்டிலைப் பொறுத்தவரை, கலந்த தேதியை அதன் மேல் எழுதி பிரிட்ஜில் வையுங்கள். கதவுத் தட்டில் வேண்டாம், உள்ளே வையுங்கள். அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த வகை என்றால் கலந்த பிறகு ஏழு நாள் தாங்கும் என்றுதான் பெரும்பாலான லேபிள்களில் இருக்கும். வெறும் அமாக்சிசிலின் சில தயாரிப்புகளில் அதற்கு மேலும் தாங்கும். உங்கள் லேபிளில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. மருந்து முடியும் நாள் அதைத் தாண்டிப் போகிறது என்றால் கிளினிக்கைக் கூப்பிட்டு வேறு பாட்டில் கேளுங்கள். அடுத்த முறை, முதல் பாட்டில் தீர்ந்த பிறகே இரண்டாவதில் தண்ணீர் ஊற்றுங்கள்.

மிச்சத்தை வைத்திருந்து அடுத்த சளிக்குக் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: கூடாது. சளி வைரஸால் வருவது, இந்த மருந்து வைரஸைத் தொடாது. மருந்து கொடுத்துச் சிறிது நேரத்தில் உடம்பெங்கும் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். உதடு, முகம் வீங்கி மூச்சு வாங்கினால் யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

எனக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. கால் கட்டைவிரலில் செருப்புக் கடித்த புண். வலியே இல்லை. தினமும் பவுடர் போடுகிறேன், மேலே காய்ந்த மாதிரி இருக்கிறது. மூன்று வாரமாகியும் மூடவில்லை. களிம்புக்கு மாறலாமா?
– தோ பாயோ வாசகர்

ஐயா, களிம்பா பவுடரா என்ற பேச்சை விட்டுவிட்டு நாளைக் காலையே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். வலி இல்லை என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கலங்க வைத்த வரி அதுதான். சர்க்கரையால் பாத நரம்பு உணர்வு இழந்திருந்தால், புண் எலும்புவரை போனாலும் வலிக்காது. பவுடர் ஓடு அந்த ஆழத்தை உங்கள் கண்ணிலிருந்தும் மறைத்துவிடுகிறது. அங்கே புண்ணைக் கழுவி, ஓட்டை நீக்கி, கம்பி வைத்து ஆழம் பார்ப்பார்கள். பாதத்தின் ரத்த ஓட்டத்தைச் சோதிப்பார்கள். தேவையென்றால் பாத மருத்துவரிடம் அனுப்புவார்கள். ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டால் வாய்வழியாகவோ ஊசியாகவோ கொடுப்பார்கள். ரத்தம் வழியாகப் போனால்தான் அது அடி ஆழத்தை எட்டும்.

சிறுநீரகம் பாதித்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பாதித்திருந்தால் திறந்த புண்ணில் நீண்ட நாள் நியோமைசின் போடுவது இன்னும் தவறு. பெரிய புண்கள் வழியாக அது ரத்தத்தில் கலந்தால் சிறுநீரகத்தையும் காதின் கேட்கும் நரம்பையும் கெடுக்கும். அதனால்தான் அதைப் பெரும்பாலும் வெளிப்பூச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பவுடர் டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். விரல் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, குளிர் நடுங்கிக் காய்ச்சல் அடித்தாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம், நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அப்பாவைக் கையோடு கூட்டிப்போங்கள்.

மார்புக்கு அடியிலும் இடுப்பு மடிப்பிலும் வியர்த்துச் சிவந்து அரிக்கிறது. ஆன்டிபயாட்டிக் பவுடர் போடலாமா?
– தெம்பனிஸ் வாசகி

சிங்கப்பூர் வெக்கைக்கு இது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றாக இருக்கும். ஆன்டிபயாட்டிக் பவுடர் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. மருந்தாளரிடம் இடத்தைச் சொல்லி, குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து உள்ள கிரீமோ பவுடரோ கேளுங்கள். குளித்ததும் மடிப்புகளை ஒற்றித் துடைத்துவிட்டுப் போடுங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள், சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஊரிலிருந்து இந்த மருந்துகளை எவ்வளவு கொண்டுவரலாம்? தேதி முடிந்தவற்றை என்ன செய்வது?
– பிடோக் வாசகர்

சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுவரை கையில் கொண்டுவரலாம் என்பது சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதி. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன்னனுமதி வாங்க வேண்டியிருக்கும், அதைத் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள். கொண்டுவந்ததைப் பிறருக்கு விற்கக் கூடாது. அண்டை வீட்டுக்காரருக்கு நாலு கேப்சூல் எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம்.

தேதி முடிந்த மருந்தைக் கழிவறையில் ஊற்றாதீர்கள். பவுடரையும் கேப்சூலையும் பழைய காபித் தூளோடு சேர்த்து, உள்ளே இருப்பது தெரியாத பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். இங்கே வீட்டுக் குப்பை எரிக்கப்படுவதால் அது மண்ணுக்கோ தண்ணீருக்கோ போகாது. குறிப்பாகப் பழைய டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்தால் முதலில் அதைத் தள்ளுங்கள். கெட்டுப்போன டெட்ராசைக்ளினைச் சாப்பிட்டுச் சிறுநீரகம் பாதித்தவர்களைப் பற்றி 1960களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். தேதி முடியாததைக் குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள், அந்த ஈரத்தில் தூள் மூடிக்குள்ளேயே இறுகிப்போகும். படுக்கையறை அலமாரியின் மேல் தட்டு, குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரம், அங்கே வையுங்கள்.